பாக்கி

நகராட்சியின் படிவத்தில் இரண்டே கட்டங்கள்.
மீட்டர் வேண்டும்.
மீட்டர் வேண்டாம்.
வியாழக்கிழமைக்குள் ஒன்றில் குறியிட வேண்டும்.

டோங்காட் மெயின் ரோட்டில்
என் ஹார்டுவேர் கடையிலிருந்து மருந்துக்கடை மூலைவரை
வெள்ளைக்கோடு போட்ட இடங்கள் பதினொன்று.
"ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பார், கோகிலம்,"
என்றார் சங்கத் தலைவர் மெர்வின் படையாச்சி.
"ஆணியை எண்ணிக் கொடுப்பவளுக்கு
வண்டி எண்ணத் தெரியாதா?"

உதவித்தொகை நாளாகப் பார்த்து உட்கார்ந்தேன்.
கடை திறக்குமுன்பே தபாலாபீஸ் வரிசை
மடக்கு நாற்காலிகளோடு தெருமுனை திரும்பியிருந்தது.
மினிபஸ் டாக்ஸிகள் ஹாரனிலேயே
ஆள் கூப்பிட்டன, வழி கேட்டன, வைதன.
கல்லாவுக்குப் பின்னாலிருந்து
அரைமணிக்கொரு தரம் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கோடு.
வண்டி மாறினால் புதுக்கோடு,
மாறாவிட்டால் பழைய கோட்டையே நீட்டு.

பத்து மணிக்கு ஒரு நீலக் கார் வந்தது,
கூரையில் கயிறு போட்டுக் கட்டிய கதவோடு.
கதவுக்குக் கீல் இல்லை.
இருபது வருஷமாய் இந்தத் தொழில்,
கீல் வாங்க வருகிறவர்களைத் தூரத்திலேயே தெரியும்.
ஓட்டி வந்தவள் கண்ணாடியை இறக்கி
இருபக்கமும் பார்த்துக்கொண்டே போனாள்.
திரும்பி வந்தாள். போனாள்.
மூன்றாம் சுற்றில் என்னைப் பார்த்துக்
கையை விரித்தாள்.
நானும் விரித்தேன்.
நான்காம் சுற்று இல்லை.

மதியத்துக்குள் தாளில் தெரிந்துவிட்டது.
நீண்டுகொண்டே போன கோடுகள் ஏழு.
வக்கீலின் கறுப்புக் கார்.
மருந்துக்கடைக்காரரின் இரண்டு.
"இடமில்லாமல்தான் ஜனங்கள் மாலுக்கு ஓடுகிறார்கள்" என்று
கூட்டத்தில் மேசையைத் தட்டிய மெர்வினின் மெர்சிடிஸ்.
துணிக்கடை வேன், ரொட்டிக்கடை வேன்.
ஏழாவது,
என் கடை வாசலை அடைத்துக்கொண்டு,
காலை ஆறரையிலிருந்து அசையாமல்,
என் பாக்கி.

இந்த நாட்டில் பின்புறம் திறந்த வண்டிக்கு அதுதான் பெயர்.
தமிழில் அது கொடுக்காமல் விட்ட கடன்.
இத்தனை வருஷம் இரண்டையும்
ஒரே வாயால் சொல்லிவந்தேன்,
காதில் விழவில்லை.

இலுங்கா சிரித்தான்.
மஞ்சள் மேலங்கி, கையில் சுருட்டிய அட்டை.
லுபும்பாஷியிலிருந்து வந்தவன்,
இந்தப் பதினொரு இடங்களும் அவன் பொறுப்பு.
வண்டிகள் கிளம்பும்போது கொடுக்கிற
இரண்டு ரேண்டும் ஐந்து ரேண்டும் அவன் சம்பளம்.
"உங்கள் வண்டி கிளம்பி நான் பார்த்ததே இல்லை" என்றான்.
நான் கடை சாத்தும்போது அவன் போய்விட்டிருப்பான்.
மீட்டர் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன்.
"மீட்டரையும் யாராவது காவல் காக்கணுமே."

அது விளையாட்டுப் பேச்சில்லை.
போன வருஷம் வேறொரு ஊரிலிருந்து ஒருவன்
சாக்கில் ஒரு மீட்டர் தலையைக் கொண்டுவந்து
பழைய இரும்புக்கு என்ன தருவீர்கள் என்றான்.
கண்ணாடிக்குள் முள் இன்னும்
நேரம் முடிந்தது என்று காட்டிக்கொண்டிருந்தது.
வாங்கவில்லை.
ஆனால் எடை போட்டுப் பார்த்தேன்.

காசு கேட்டால் நாங்கள் ஏழு பேரும் நகர்வோம்,
அது நிச்சயம்.
வரிசையில் நாலு மணிநேரம் நிற்கிறவளைக்
கொண்டுவந்து விட்டவனும் காசு கட்டுவான்,
அதுவும் நிச்சயம்.
வேண்டும் என்று குறிக்கப் பேனாவை எடுத்தால் இலுங்கா.
வேண்டாம் என்று குறிக்கப் போனால்
கூரைமேல் அந்தக் கதவு.
படிவம் கல்லாமேல் கிடக்கிறது.
மெயின் ரோட்டில் காலியாக இருப்பவை
அந்த இரண்டு கட்டங்கள்தான்.

இன்று காலை பாக்கியைக்
கரும்பாலைப் பக்கத்துத் தரிசில் விட்டுவிட்டு
ஒன்பது நிமிஷம் நடந்து வந்தேன்.
என் வாசலில், கோடுகளுக்கு நடுவே,
எண்ணெய்க் கறை மட்டும்.
பூட்டைத் திறக்குமுன்
மெர்வினின் மகன் புதுக் காரில் வந்தான்.
இலுங்கா எனக்கு முதுகைக் காட்டி நின்று
இரு கைகளாலும் அவனை உள்ளே அழைத்தான்:
வா, வா, இன்னும் வா,
போதும்.