நாலில் ஒரு பங்கு

விஷு வருஷம், மாசி.
ரங்கூன் கடிதாசி நின்றுபோனது.
கப்பல் இல்லை, தந்தி இல்லை.
பள்ளத்தூரில் ரேடியோ வைத்திருந்த வீட்டு வாசலில்
செருப்புகள் மட்டும் கூடிக்கொண்டே போயின.

அன்று ராத்திரி
வளவின் மூன்றாவது தூண் இருமியது.

கேட்டவள் நான் ஒருத்திதான்.
பர்மாத் தேக்கில் முதலில் ஒரு கன்னம் தெரிந்தது,
பிறகு ஒரு கண்,
கசக்கிய தேக்கிலைச் சிவப்பில்.

"மரத்தை வெட்டும்போது உள்ளே தூங்கிக்கொண்டிருந்தேன்.
கப்பலில் விழித்தேன். முப்பது வருஷமாய்
உங்கள் கல்யாணங்களைப் பார்க்கிறேன்.
சத்தம் அதிகம்."

பயம் வந்தது. அதற்கு முன்னால் கேள்வி வந்துவிட்டது:
"அப்பச்சி எங்கே?"

"என் சொந்தபந்தம் நிற்கிற காட்டில்தான் நடக்கிறார்.
வழிகாட்டச் சொல்கிறேன். விலை உண்டு.
உன் பேரைக் கொடு."

பேர் கேட்கும் அணங்குக்கு
பால் வைக்கலாம், இரும்பைக் காட்டலாம்.
நான் வட்டிக்கடைக்காரர் மகள்.
பேனாவை எடுத்தேன்.

பிள்ளையார் சுழி. சிவமயம்.
'இது கிரயம் அல்ல, வைப்பு.
தேனம்மை என்கிற பேர்
இந்த வீட்டில் நாலு பேருக்குப் பாத்தியம்:
படத்தில் மாலையோடு ஒருத்தி,
கோனாபட்டுக்குக் கட்டிக்கொடுத்த ஒருத்தி,
தொட்டிலில் ஒருத்தி, எழுதுகிற நான்.
என் பங்கு நாலில் ஒன்று. அதற்குமேல் கொடுக்க
எனக்கு அதிகாரம் இல்லை.
வைப்புக்கு நடப்பு வட்டி உண்டு.'

"வட்டியா? என்னிடம் காசு ஏது?"
"கைவசம் எது உண்டோ அது."

சிரித்தது. உத்தரத்திலிருந்து தூசி கொட்டியது.
கையெழுத்துக்குப் பதில் ஒரு சொட்டு எண்ணெய்.
அந்தத் தாளில் இன்னும் மஞ்சளாய் இருக்கிறது.

மறுநாளிலிருந்து
ஆத்தா நாலு தரம் கூப்பிட்டால்
மூன்றுதான் என் காதில் விழுந்தது.
எந்த மூன்று என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும்.
"செவிடாப் போயிட்டியா?" என்று முதுகில் ஒன்று வைத்தாள்.
அது முழுசாய் விழுந்தது.

பங்குனி. சித்திரை. வைகாசி.
எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் ஒப்பாரி.
பத்திரத்தைத் தூணின் முகத்துக்கு நேரே பிடித்தேன்.
தேக்கு, வெறும் தேக்கு.

ஆனி ஏழு, மத்தியானம்.
வளவு வெயிலில் மிளகாய் துழாவிக்கொண்டிருந்தேன்.
மூன்றாவது தூணில், தரைக்கு ஒரு முழம் மேலே,
ஒரு துளிர்.
முப்பது வருஷம் மெருகேறிய கட்டையில்
சொரசொரப்பாய், ஈரமாய், காதளவு இலை.
காற்றே இல்லை. இலை
முகப்புப் பக்கம் திரும்பியது.

நானும் திரும்பினேன்.

நிலையைப் பிடித்தபடி ஒரு ஆள்.
தாடி, இடுப்பில் சாக்கு, பாதத்தில் வாழைநார்க் கட்டு.
அப்போதுதான் ஒரு பேரைச் சொல்லி முடித்த வாய்.
இன்னொரு தரம் கூப்பிட
அவரிடம் மூச்சு இல்லை.

மிளகாய்க் கையோடு ஓடிப்போய் முகத்தைப் பிடித்தேன்.
கண் எரியுதடி, அதான், என்றார் அப்பச்சி
ரொம்ப நேரம்.

ராத்திரி பத்திரத்தின் பின்பக்கம் எழுதினேன்:
அசல் அதனிடம்.
வட்டி வரவு, இலை ஒன்று.