துண்டு

கம்மியம்பேட்டைப் பாலத்தின் மூன்றாம் தூணில்
டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி.
நிமிடத்துக்கு ஒருமுறை கெடிலத்தை அளக்கும்.
உள்ளே ஓடுவது நான் எழுதியது.
மொத்த நினைவகம் எண்பது கிலோபைட்.
சித்தப்பா தினமும் அனுப்பும் காலை வணக்க ரோஜா
அதைவிடப் பெரியது.

நெட்வொர்க் முதலில் வந்து உட்காரும், பாதிக்கு மேல்.
சர்வரோடு ரகசியமாகக் கைகுலுக்க
ஒவ்வொரு முறையும் பதினாறு கேட்கும்,
அதுவும் சேர்ந்தாற்போல.
மீதியில்தான் ஆறு ஓட வேண்டும்.

முதல் மாதம், விடியற்காலை மூன்று மணிவாக்கில்
பெட்டி தானே விழும், தானே எழும்.
எழுந்தால்
நேற்று என்று ஒன்று இருந்ததே தெரியாது.
கணக்குப் பார்த்தேன். காலி இடம் இருபத்தொன்று.
கேட்டது பதினாறு.
கிடைக்கவில்லை.

பாண்டிச்சேரி பஸ்ஸில் புரிந்தது.
ரெட்டிச்சாவடியில் மூன்று பேர் ஏறினார்கள்,
அப்பா, அம்மா, காலில் மாவுக்கட்டோடு ஒரு பையன்.
அவனைக் கிடத்த மூன்று சீட் ஒன்றாக வேண்டும்.
ஏழு சீட் காலி.
ஜன்னலோரம் ஒன்று, டயர் மேல் ஒன்று,
கதவுப் பக்கம் ஒன்று, அங்கொன்று இங்கொன்று.
'அதான் எடம் இருக்குல்ல, ஒக்காருங்க' என்றார் கண்டக்டர்.
யாரும் நகரவில்லை.
நானும்தான். மடியில் லேப்டாப் திறந்திருந்தது.
தவளக்குப்பம் வரை அந்த அப்பா
பையனைத் தூக்கிக்கொண்டே நின்றார்.

அன்றிரவு எல்லாவற்றையும் பிரித்தேன்.
வந்தபின் இடம் தேடுவது இனி இல்லை.
வண்டி புறப்படுமுன்னே, ஒருவரும் ஏறுமுன்னே,
கடைசி வரிசையில் பதினாறுக்கும் ஒரு துண்டு.
துண்டு துண்டாய்ப் போன இடத்துக்கு
துண்டு போடுவதுதான் வழி.
இது எங்கள் ஊரில் ஐந்தாவது படிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.
எனக்கு ஒரு மாதம் ஆனது.

அப்புறம் பெட்டி விழவில்லை.

கார்த்திகையில் மழை வந்தது.
செம்மண்டலத்து டவர் ராத்திரி பத்துக்குப் போய்
காலை ஆறு பத்துக்குத் திரும்பியது.
பெட்டி பொறுமையாகச் சேர்த்து வைத்திருந்தது,
வட்டமாக இருநூற்று நாற்பது இடத்தில்,
நிரம்பியதும் பழையதன் மேல் புதியதை எழுதி,
நான் சொல்லிக்கொடுத்தபடியே.

நீர்வளத்துறை தேவசகாயம் கேட்டார்:
'எப்பம்மா ஏற ஆரம்பிச்சது?'
திரையில் இரண்டு பத்திலிருந்துதான் இருந்தது.
அதற்குள் ஆறு இறங்கத் தொடங்கிவிட்டது.
எட்டு மணி நேர வெள்ளத்தில் என் பெட்டிக்கு ஞாபகம் இருந்தது
வடிந்தது மட்டும்.

கரையில் வேதவல்லி தன் சுவரைக் காட்டினார்.
ஸ்விட்ச் போர்டுக்கு மேல் ஒரு சேற்றுக்கோடு.
'இம்மாம் வந்துது. ஒண்ணே கால் இருக்கும்.
குக்கர் மெதந்துச்சு, அப்பதான் மணி பாத்தேன்.'
நோட்டில் எழுதிக்கொண்டேன். வேறென்ன செய்ய.

இப்போது பெட்டி எல்லாவற்றையும் எழுதுவதில்லை.
ஆறு சும்மா கிடந்தால் சும்மா இருக்கும்.
இரண்டு விரல் ஏறினால் ஒரு வரி,
இரண்டு விரல் இறங்கினால் ஒரு வரி.
முதலில் ஏறிய நேரத்துக்கும் உச்சிக்கும்
தனியாக இரண்டு இடம்.
அவற்றின் மேல் யாரும் உட்கார முடியாது.
பெரும்பாலான இரவுகளில் எழுத ஒன்றுமே இல்லை.
இவ்வளவு வெற்றாகவா ஓடியது இந்த ஆறு,
அத்தனையையும் நிமிடத்துக்கு நிமிடம்
காப்பாற்றிக்கொண்டா இருந்தேன்?

நேற்று பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்தேன்.
மொத்தக் காலி இடம்: 9,312.
ஒரே துண்டாக: 9,312.
இரண்டும் ஒரே எண்.
சொல்ல யாருமில்லை, பக்கத்துச் சீட்டில் இருந்தவர்
வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

ரெட்டிச்சாவடி வந்தது.
அந்தப் பையனுக்குக் கால் கூடியிருக்கும் இந்நேரம்.