சோக்குக் குமிழ்

பிர்க் சனையாவில் ஆகஸ்ட்.
ஸ்பேனரை வெயிலில் மறந்துவிட்டு டீக்குப் போனால்
திரும்பி வந்து துணி சுற்றித்தான் எடுக்க வேண்டும்.
ஹமூத் அல்-ரியாமி கொண்டுவந்து நிறுத்தினார்
எண்பத்தொன்றாம் வருடத்து லேண்ட் குரூசரை.
மணல் நிறம், வெள்ளைக் கூரை,
பின்கதவில் மாதுளைச் சாறு காய்ந்த கறை.

மலைமேல் தோட்டம் அவருக்கு.
பாதி ஏற்றத்தில் காற்று மெலியும்;
கார்புரேட்டரோ அடிவாரத்துக் கணக்கிலேயே
பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருக்கும்.
கரும்புகை கக்கி நிற்கும் வண்டியை
வாடகை ஜீப்புகள் ஹாரன் அடித்துக் கடக்கும்.

"உள்ளே எதை வேண்டுமானாலும் மாற்று, சதக்.
பானட்டைத் திறந்தால்
என் தம்பிக்குக்கூடத் தெரியக் கூடாது."

நவாஸிஷ் சங்கிலி போட்டுத் தூக்கினான்.
எண்ணெய் சொட்டச் சொட்ட
பழைய இன்ஜின் ஒருக்களித்துத் தொங்கி
எந்தப் பக்கம் இறங்குவதென்று தெரியாமல்
மெல்லச் சுழன்றது.

புதியதும் ஆறு சிலிண்டர்தான்.
ஷார்ஜா உதிரிச் சந்தையிலிருந்து
பிளாஸ்டிக் சுற்றி வந்தது.
புதியது என்கிறோம்,
அதற்கும் வயது இருபத்தாறு.

என் வேலை ஒளித்துவைப்பது.
கம்ப்யூட்டர் பெட்டி டேஷ்போர்டுக்குப் பின்னால்.
வயர்களுக்குக் கறுப்புத் துணி டேப்.
வட்ட ஏர்ஃபில்டரின் மூடியைத் துடைத்து,
எழுத்துப் போன ஸ்டிக்கரை மட்டும் தொடாமல்,
காலி வயிற்றுக்குள் சென்சார் குழாயை விட்டேன்.
வெப்பமானி முள் கண்டபடி துள்ளியது.
இருநூறு பைசா ரெசிஸ்டர் ஒன்று.
முள் தன் பழைய இடத்தில் போய் நின்றது.
மறுநாள் பானட்டைத் திறந்தபோது
நானே ஒரு நொடி
வேலை இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்தேன்.

பதினோராம் நாள் ஏறி உட்கார்ந்தார்.
சாவியைத் தொடவில்லை.
கை தானாகப் போய்
சோக்குக் குமிழை இழுத்தது.
கம்பியின் மறுமுனையில் ஒன்றும் இல்லை.
இன்னொரு படி இருக்கிறதென்று
இருட்டில் வைத்த கால்போல
கை போய்க்கொண்டே இருந்தது.

இன்ஜின் ஒரே திருப்பில் பிடித்தது.
நவாஸிஷ் கட்டைவிரலை உயர்த்தினான்.
"ஸைன்" என்றார் ஹமூத், "ஸைன்."
ஆடு வாங்குகிறவர் சொல்லும் ஸைன் அல்ல.

பிறகு, எங்களைப் பார்க்காமல்:
"மேலே தை மாதத்து விடியலில் கண்ணாடியில் பனி உறையும்.
இதை எவ்வளவு இழுப்பதென்று இந்தக் கைக்குத்தான் தெரியும்.
என் மகன்கள் இழுத்தால் அணைந்துவிடும்."

தை என்று அவர் சொல்லவில்லை.
அவர் சொன்ன மாதத்தை
நான் அப்படித்தான் காதில் வாங்கினேன்.
நாளை வாருங்கள் என்றேன்.
பில் எழுதிக்கொண்டிருந்த தலச்சேரி முதலாளி
பேனாவை எடுத்தபடியே நிமிர்ந்து பார்த்தார்.

ராத்திரி,
செத்த டேப் டெக் ஒன்றிலிருந்து
மேலும் கீழும் நகரும் ஈக்வலைசர் குமிழைக் கழற்றி
சோக்குக் கம்பியில் கட்டினேன்.
அதிலிருந்து மூன்று வயர் கம்ப்யூட்டருக்கு.
கால்வாசி இழுத்தால் தொள்ளாயிரம் சுற்று,
பாதிக்கு ஆயிரத்து இருநூறு.
முழுக்க இழுத்தால் இருமி அணையும்படி எழுதினேன்.
அது தேவையே இல்லை, யாரும் கேட்கவும் இல்லை.
ஆனால் தப்பாக இழுக்க வழியில்லாத குமிழைச்
சரியாக இழுக்கத் தெரிந்து என்ன?

"மூடி பொய், முள் பொய், இதுவும் பொய்தானே உஸ்தாத்?"
என்றான் நவாஸிஷ்.
"அதெல்லாம் பொய். இது வயரிங்."

காலையில் அவர் கொஞ்சம் இழுத்தார்,
சுற்று ஏறியது. உள்ளே தள்ளினார், இறங்கியது.
ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துவிட்டு
முழுக்க இழுத்தார்.
இருமியது, அணைந்தது.
டேஷ்போர்டில் ஓர் அடி வைத்து
"கழுதைக்குப் பிறந்ததே" என்றார் அரபியில்,
அத்தனை பிரியமாக.

பில்லில் இதற்குப் பெயர் 'இதர வேலை'.
தொகை, ஒரு கோடு.

அடுத்த வாரம் மலையடிச் சாவடியில்
ஒரு போலீஸ்காரர் மல்கியாவைப் பார்த்தாராம்: புதிய இன்ஜின் எண்.
பானட்டைத் திறந்தாராம்: நாற்பது வருடத்துத் தூசி.
மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு,
"இதில் ஒரிஜினல் எது?" என்றாராம்.

ஹமூத் பதில் சொல்லவில்லையாம்.
குமிழைக் கால்வாசிக்கு இழுத்து,
சற்றே பொறுத்து,
ஒரு மயிரிழை உள்ளே தள்ளிக் காட்டினாராம்.