இரண்டாவது டெஸ்டர்

ஒன்று சட்டைப் பையில் இருக்கிறது.
இன்னொன்று முகத்தில்.

மயிலாப்பூரில், சித்திரக்குளத்துக்குப் பின்னால் ஒரு வீடு.
மூன்று நாளாய்க் கூடத்தில் மீன் வாடை.
வெங்காயமே நாள் பார்த்து நுழைகிற வீடு அது.
மாடியில் குடியிருக்கும் பையனைக்
காலி பண்ணச் சொல்லியாகிவிட்டது.
முட்டைகூட உடைத்ததில்லை என்று
படியில் நின்று சத்தியம் செய்கிறான்.
நான் போனது ஃபேன் ரெகுலேட்டர் மாற்ற.
செருப்பைக் கழற்றும்போதே தெரிந்துவிட்டது.
ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கையை விட்டேன்,
சாக்கெட் இட்லித் தட்டாய்க் கொதித்தது.
பிளாஸ்டிக் வேகும்போது
வஞ்சிரம் மாதிரிதான் அடிக்கும் மாமி, என்றேன்.
வஞ்சிரம் எப்படி அடிக்கும் என்று
அவருக்கு எப்படித் தெரியும்?
எனக்கு இருநூறு ரூபாய்.
பையனுக்கு ஒரு டம்ளர் காபி,
மாமியே மாடிக்கு எடுத்துப் போனார்.

இப்படித்தான் பிழைப்பு.
மோட்டார் காயில் கருகினால் ஒருமாதிரி இனிக்கும்,
சோக்கு எரிந்தால் தார் ரோடு.
நங்கநல்லூரில் ஒரு ஃபிளாட்டில்
லாரித் தண்ணீரைத் தொட்டிக்குள் விடுமுன் மோந்துவிட்டு
திருப்பி அனுப்புங்கள் என்றேன்.
செக்யூரிட்டி இன்றும் எனக்கு சல்யூட் வைக்கிறார்,
லாரிக்காரன் வைப்பதில்லை.
கடைசி ரயிலில் கண்ணைத் திறக்க வேண்டியதே இல்லை.
ஆறு மூக்கில் ஏறி இறங்கினால் கிண்டி.
தோல் வந்தால் பல்லாவரம்,
எழுந்திரு.

ஐப்பசியில் ஒரு காய்ச்சல்.
மூன்றாம் நாள் விட்டது,
விடும்போது மூக்கையும் எடுத்துக்கொண்டு போனது.

ரயிலில் கண் விழித்தால் சிங்கப்பெருமாள் கோயில்.
ஒரு நாயும் நானும் ஸ்டேஷனில் விடியும்வரை.

குரோம்பேட்டையில் ஒரு வீடு.
மீட்டர் பெட்டியை மூடியபடியே வைத்து
அந்த வீட்டுச் சிறுவனைக் கூப்பிட்டேன்.
எட்ட நின்னு மோந்து பாரு கண்ணு,
கருகின மாதிரியா, ரப்பர் மாதிரியா?
அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு யோசித்தான்.
"ஸ்கூல் பாத்ரூம்."
திறந்தேன்.
எலி குடித்தனம் நடத்தியிருந்தது,
நியூட்ரல் ஒயர் பாதி தின்றபடி.

அதற்குள் பக்கத்துக் கதவு ஜைத்தூன் அக்கா
ஒருநாள் வந்து தட்டினாள்.
"நாலு நாளா உன் வீட்டுத் தாளிப்பே வரலையே தம்பி,
இருக்கியா இல்லையா?"
தினம் ராத்திரி நான் கடுகைக் கருக்குவதை வைத்து
ஆறு வருஷமாய் எனக்கு அட்டெண்டன்ஸ் போட்டிருக்கிறாள்.
எனக்குத் தெரியாது.

விஷயத்தைச் சொன்னேன்.
சிரிக்கவில்லை.
மறுநாளிலிருந்து காலையில் வருவாள்,
முந்தானையை ஒதுக்கிக்கொண்டு
பால் பாத்திரத்தின்மேல் குனிவாள்.
"ஆகும்."
சிலிண்டர் பக்கம் போய் நிற்பாள்,
"ஒண்ணுமில்ல."
ஆணியில் தொங்கும் சட்டையைப் பற்றி
நான் கேட்கவே இல்லை.
கதவருகில் நின்றபடியே,
"அதைத் துவைக்கப் போடு."

பத்தொன்பது நாள்.

முதலில் திரும்பி வந்தது
பல்லாவரத்துத் தோல் என்று சொன்னால் நன்றாயிருக்கும்.
இல்லை.
பால் பூத்தில் மீதி தந்த ஒரு ஐம்பது ரூபாய் நோட்டு.
பாக்கெட்டில் வைக்கப் போனவன் நின்றுவிட்டேன்.
கருவாடு.
யார் கையோ, எந்த மார்க்கெட்டோ,
எத்தனை பேர் தாண்டியும் விடாத உப்பு.
ரோட்டோரம் நின்று அதை
மூக்கில் வைத்துக்கொண்டிருந்தேன்.
ஷேர் ஆட்டோவில் ஒரு பெண்
தன் பர்ஸை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள்.
அந்த நோட்டை இன்னும் மாற்றவில்லை.

அடுத்த நாள் காலை வழக்கம்போல் அக்கா.
மூக்கு வந்துவிட்டதை வாயெடுத்தவன்
ஏனோ சொல்லவில்லை.
பாத்திரத்தை நீட்டினேன்.
ராத்திரி மறந்து வெளியில் வைத்த பால்,
எனக்கே தெரிந்தது.
அவள் முந்தானையை ஒதுக்கினாள்,
குனிந்தாள்,
"கொட்டிடு" என்றாள்.

கொட்டினேன்.