காற்றுத் திருகு

கரையில், பீப்பாய்த் தண்ணீரில் வைத்து ஓட்டினால்
ஒரு குறை சொல்ல முடியாது.
உம்மன்னாக் மலை முதுகுக்குப் பின்னால் போனதும்தான்
இந்த நாற்பது குதிரைக்கு மூச்சு முட்டும்.

பிளக்கை மாற்றினான் பவியா.
கார்புரேட்டரைச் சமையல் மேசையில் பிரித்து
என் ரொட்டிக் கத்தியால் சுரண்டினான்.
போன வாரம் பெட்ரோலைக் குற்றம் சொன்னான்,
அதற்கு முந்தின வாரம் என் தம்பியை.

இன்றும் அதே இடம்.
முடுக்க முடுக்க இறங்குகிறது சத்தம்.
படகு நிறைய ஹாலிபட்.
வடக்கே வழி விட்டிருந்த பனி
மெல்ல வாய் மூடுகிறது.

"குழாயில் குமிழ் இருக்கு பார், அமுக்கு."
அமுக்கினேன், பாய்ந்தது.
விட்டேன், படுத்தது.
கையுறைக்குள் விரல் மரத்துப்போக
ஒரு மைல் தூரம்
அந்த மோட்டார் என் வலது கையில் ஓடியது.

அப்புறம்தான் பார்த்தேன்:
விட்டபின் குமிழ் உப்பவில்லை.
பல் போன கன்னமாய் ஒட்டிக் கிடந்தது,
உள்ளிருந்து யாரோ உறிஞ்சுகிற மாதிரி.

டாங்க் மூடியின் தலையில் சின்னத் திருகு.
அரைச் சுற்று.
உஸ்ஸ்...
எவ்வளவு நாள் பசியோ, அப்படி இழுத்தது காற்றை.

"அதை யார் மூடினது?" என்று அவன் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்,
சிந்திவிடுமே என்று தினமும் விடியலில்
இறுக்கித் திருகுகிறவள் நான்தான்
என்று சொல்லியிருப்பேன்.

மீனை இறக்கிய பிறகு.