எழுத்துக்கூலி

வலங்கைமான் சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையை ஒட்டி என் மேசை.
விடுதலைப் பத்திரத்தில் புதிதாக எழுத
ஒன்றும் இருப்பதில்லை.
பெயர், சர்வே எண், நான்கெல்லை
மாற்றினால் போதும்.
'அன்பினாலும் பிரியத்தினாலும்
பிறர் தூண்டுதல் ஏதுமின்றிப்
பூரண சம்மதத்துடன்'
பதினாறு வருஷமாகக் கம்ப்யூட்டரில்
அப்படியே கிடக்கிறது.

தையல்நாயகியைக் காரில் அழைத்து வந்திருந்தார்கள்
கொழுந்தன்மார் இருவரும்.
சுந்தரேசன் போய்ப் பதினோரு மாதம்.
பிள்ளை இல்லை. மாமியார் முன்னமே போயாயிற்று.
"ஒத்தை ஆளுக்கு எதுக்கு நிலம்?
மூணு வேளைச் சோறு நாங்க போடமாட்டமா?"
என்னைப் பார்த்துக் கேட்டார் கலியபெருமாள்.
தலையாட்டினேன்.
தலையாட்டுவதும் கூலியில் சேர்த்திதான்.

"படிங்க" என்றாள்.
இதுவரை யாரும் படிக்கச் சொன்னதில்லை.

'வடக்கே பாசன வாய்க்கால்' என்றதும்
கைகாட்டி நிறுத்தினாள்.
"அங்க வாய்க்கால் இல்லீங்க.
தூர்த்து ஆறு வருஷம் ஆவுது.
தூர்த்தவரு இதோ நிக்கிறாரு.
இப்ப தெக்கு மடையிலதான் தண்ணி,
அதுவும் ராத்திரி முறை.
மம்பட்டியோட நான்தான் நிப்பேன்."

சின்னவர் செருப்பில் ஒட்டியிருந்த சேற்றைத்
தரையில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

மேலே படித்தேன்.
அன்பினாலும் பிரியத்தினாலும்...

"பதினெட்டு மாவுல அவுங்க பங்கு ஆறு மா.
அறுநூறு குழி.
அதுல அன்புக்கு எத்தனை குழி,
பிரியத்துக்கு எத்தனை குழின்னு
பிரிச்சு எழுதிடுங்க."

கோர்ட்டு, மானம், ஊர் என்று
கலியபெருமாள் ஏதேதோ சொன்னார்.
அவள் மைப்பெட்டியை மூடி
என் பக்கம் தள்ளினாள்.

வாரிசுச் சான்றுக்கு என்னென்ன வேணும்?
இறப்புச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு.
குறித்துக்கொள்ளவில்லை,
ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.
முந்தானை முடிச்சிலிருந்து
இருநூறு ரூபாய் எடுத்து வைத்தாள்.
வேண்டாம் என்றேன்.
"எழுதினீங்கல்ல.
கையெழுத்து விழாததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

தாலுக்கா ஆபீஸ் பக்கம் நடந்தாள்.
கார் கொஞ்ச தூரம் பின்னாலேயே ஊர்ந்து போய்
பிறகு நின்றுவிட்டது.

கரண்ட் போய் வந்தது.
திரையில் மறுபடி அதே வரி.
போன தையில் இதே கோப்பைத் திறந்து
பெயரையும் சர்வே எண்ணையும் மட்டும் மாற்றி
என் அண்ணிக்கு எழுதினேன்.
அவள் படிக்கச் சொல்லவில்லை.
நானும் அதற்குக்
கூலி வாங்கவில்லை.