எட்டு மில்லிமீட்டர்

ஊசிக்கு முன் அந்தச் சின்னக் குப்பியைக்
கால் மணி நேரம் அக்குளில் வைத்திருப்பேன்.
நல்லெண்ணெயில் கரைத்த புரோஜெஸ்டிரோன்.
ஹாப்சலுவின் ஜனவரியில் அது
பழைய தேனாய் இறுகி
ஊசிக்குள் ஏற மறுக்கிறது.

திரீனு அடுப்பங்கரை மேசையைப் பிடித்துக் குனிந்து நிற்கிறாள்.
நேற்று இடது பக்கம். இன்று வலது.
"பேசிக்கொண்டே குத்து" என்கிறாள்.
எனக்குப் பேசத் தெரிந்தது பனிக்கட்டி ஒன்றுதான்.

பகலில் நான் விரிகுடாவின் மேல் நடக்கிறவன்.
நூறடிக்கு ஒரு துளை,
துளைக்குள் கொக்கி வைத்த அளவுகோல்.
இருபத்திரண்டு சென்டிமீட்டர் வந்தால்
அக்கரைக்குப் பாதை திறப்போம்.
வந்தும் சில நாள் திறப்பதில்லை:
வெள்ளைக் கட்டிக்குள் காற்று இருக்கும், நம்பக்கூடாது.
கருத்துக் கண்ணாடியாய்க் கிடக்கிறதே,
அதுதான் தாங்கும்.

டாலினில் டாக்டர் ரெயெட்டும் இதையேதான் சொன்னார்,
வேறு அளவுகோலோடு.
பதினான்கு நாள் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை.
திரையில் சாம்பல் நிறத்தில் மூன்று கோடு.
எட்டு மில்லிமீட்டர்.
கைதட்ட எழுந்துவிட்டேன்.
"உட்காருங்கள் ஐவார்.
தடித்திருக்கிறது, அவ்வளவுதான்.
இன்னும் யாரையும் உள்ளே விடாது."

வளர்ந்தது போதும் என்று அதற்கு
யாராவது சொல்ல வேண்டுமாம்.
அந்த யாரோதான் இப்போது என் அக்குளில்.
அவர் போய்ச் சேர்ந்ததும்
சுரப்பிகள் நெளிந்து சர்க்கரை கசியும்,
ரத்தக்குழாய்கள் சுருள் சுருளாய் மேலேறும்,
சும்மா இருக்கத் தெரியாத தசை
சும்மா இருக்கும்.
ஐந்து நாள் இப்படி. ஆறாம் நாள் கதவு.
கதவென்றால் இரண்டு நாளோ மூன்று நாளோ,
பிறகு யார் தட்டினாலும் திறக்காது.

போன மார்ச்சில் எட்டரை இருந்தது.
தங்கவில்லை.
ஏன் என்று கேட்டபோது ரெயெட்
பேனாவை மூடினார், திறந்தார், மூடினார்.

பனிப்பாதையில் பெல்ட் போடக் கூடாது,
கட்டி உடைந்தால் குதிக்க வேண்டும்.
வாய் தவறி அதையும் இவளிடம் சொல்லியிருக்கிறேன்.
"நான் எங்கே குதிப்பேன்?" என்றாள்.

ஒப்பிடுவதே தப்பு.
அங்கே எல்லாம் குளிர்ந்துதான் கெட்டிப்படுகிறது.
இங்கே ஒருத்தி
மேசை விளிம்பில் விரல் வெளுக்க
உள்ளே இளகிக்கொண்டிருக்கிறாள்,
டாலினில் நைட்ரஜனுக்குள்
எங்கள் கடலைவிடக் குளிர்ந்து கிடக்கிற
ஒரு புள்ளிக்காக.

"முடிந்ததா?"

இல்லை. எண்ணெய் அல்லவா,
மெதுவாகத்தான் இறங்கும்.
அசையாதே.
இன்று வடக்குப் பக்கம் பத்தொன்பது இருந்தது.